ஞாயிற்றுக்கிழமை அட்டை

அத்தியாயம் ஆறு

வாசலில் நின்ற வேனின் பக்கவாட்டில் மண்டையோட்டுப் படம் வரைந்திருந்தது. அதைப் பார்த்ததும் கண்டக்டர் ஓர் அடி பின்வாங்கினார்.

"டீச்சர், ஃபாதர்மார் இருக்குற வீடுன்னு சொன்னீங்க. வாசல்லயே எமனோட வண்டி நிக்குது?"

"பூச்சிக்கு மருந்து வைக்கிறவங்க வண்டி. பழைய புத்தகம் இருக்குற இடத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க. நடங்க."

டீச்சருக்கு அறுபது வயது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். பொய் சொல்லும் பிள்ளையைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்த பிறகு அடிக்கவும் மாட்டார். ஓய்வுக்குப் பிறகு அந்தத் திறமை ஒன்றையே முதலாக வைத்துத் துப்பறியும் தொழிலைத் தொடங்கினார். உதவிக்கு வந்து சேர்ந்தவர், அதே ஆண்டு விசிலைக் கழற்றி வைத்த பேருந்துக் கண்டக்டர். படியில் தொங்கும் கூட்டத்திலும் டிக்கெட் எடுக்காதவனை முகம் பார்த்துப் பிடித்தவர். அவருடைய வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

மதில்மேல் சாம்பல் நிறப் பூனை ஒன்று நடந்துபோயிற்று. அதன் கழுத்தில் சிவப்புப் பட்டு நாடா கட்டியிருந்தது.

"பாருங்க, இந்த வீட்டுல பூனைக்குக்கூடப் பட்டமளிப்பு விழா நடந்திருக்கு" என்றார் கண்டக்டர்.

டீச்சர் சிரிக்கவில்லை. பூனை மதிலிலிருந்து குதித்து, கட்டடத்தின் பின்பக்கம் ஓடி மறைந்தது. அந்தப் பக்கத்தில் மரம் அறுக்கும் பட்டறை. வாள் சத்தம் காதைக் கிழித்தது.

உள்ளே நுழைந்ததும் நீண்ட நடை. அதன் கோடியில் நிலவறைக்கு இறங்கும் படிக்கட்டு. முகமூடி அணிந்த இருவர் நிலவறைக் கதவின் இடுக்குகளில் அகலமான டேப்பை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு சிலிண்டர். படிக்கட்டின் மேல்முனையில் தொங்கிய மஞ்சள் பலகையில், 'விஷவாயு. பத்தரை மணி முதல் யாரும் இறங்கக் கூடாது' என்று எழுதியிருந்தது.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து பத்து. அந்த இருபது நிமிடத்துக்கும் தமக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் அப்போது நினைத்தார்.

அவரை வரவழைத்த சிஸ்டர் எதிரில் ஓடிவந்தார். கிரேக்க ஏடுகளைப் படிப்பவர் என்பதால் எல்லாருக்கும் அவர் கிரேக்க சிஸ்டர். கையிலிருந்த ஜெபமாலை கலகலத்தது.

"வந்துட்டீங்களா! பெரிய ஃபாதரைக் காணோம். படுக்கை விரிச்சபடி இருக்கு, யாரும் படுக்கல. செருப்பு இல்ல. போலீஸ்ல கேட்டா, வயசானவர், எங்கயாவது போயிருப்பார், நாளைக்கு வரைக்கும் பாருங்கன்றாங்க. அவருக்குச் சர்க்கரை இருக்கு. வேளைக்குச் சாப்பிடலைன்னா மயக்கம் போட்டுடுவார்."

"கடைசியா யார் பார்த்தது?"

"லத்தீன் ஃபாதர். நேத்து, ஞாயிறு மத்தியானம். நானும் மத்த சிஸ்டர்களும் மூணு நாள் தியானத்துக்குப் போயிட்டு இன்னைக்குக் காலைலதான் வந்தோம். சமையல்காரருக்கும் லீவு. வீட்டுல இருந்தது அவங்க ரெண்டு பேரும், கேட்டுல வாட்ச்மேனும்தான்."

நடையின் ஓரத்தில் நின்ற வாட்ச்மேன் தானாகவே முன்வந்தார். "ஞாயிறு முழுக்க கேட்டைத் திறக்கவே இல்லம்மா. ஒரு ஈ, காக்கா வெளிய போகல. எல்லா ரூமும் தேடிட்டோம்."

"நிலவறை?"

"அது சனிக்கிழமை சாயங்காலமே பூட்டியாச்சு. ஏழரைக்குச் சாவிக்கொத்து என் கைக்கு வந்துடுச்சு. ஞாயிறு முழுக்க என் இடுப்பை விட்டு நகரல. ஞாயித்துக்கிழமை இருந்த மனுஷன் சனிக்கிழமை பூட்டின ரூம்ல எப்படி இருப்பார்?"

நியாயமான கேள்வி. டீச்சர் தலையை ஆட்டினார்.

மேல்மாடியில் வேலை அறை. மூன்று மேஜைகள், சுவர் முழுக்கச் சிறு சிறு இழுப்பறைகள். பெரிய ஃபாதர், லத்தீன் ஃபாதர், கிரேக்க சிஸ்டர் மூவரும் இருபது ஆண்டுகளாக ஒரே ஓர் அகராதியைத் தயாரித்துவந்தார்கள். திருச்சபையின் வரலாற்றில் அறிஞர்கள் எந்தெந்தச் சொற்களுக்காக மோதினார்கள், ஆயர்கள் கூடிய எந்தச் சங்கம் எதைத் தள்ளியது, எதை ஏற்றது என்பதெல்லாம் அதில் வரும். ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை.

"ஒரு சொல்லுக்காகவா சண்டை போட்டாங்க?" கண்டக்டர் ஓர் இழுப்பறையை எட்டிப்பார்த்தார்.

"நாடு கடத்திக்கூட இருக்காங்க" என்றார் சிஸ்டர். "ஹோமோஊசியோஸ்னு ஒரு சொல். மகனும் தந்தையும் ஒரே இயல்புன்னு அர்த்தம். மூணாம் நூற்றாண்டுல ஒரு சங்கம் அது வேண்டாம்னு தள்ளிச்சு. அறுபது வருஷத்துக்குள்ள இன்னொரு சங்கம் அதை விசுவாச அறிக்கையிலேயே சேர்த்துது."

"ஓ, சொல்லுக்கும் சஸ்பென்ஷன் உண்டு, விசாரணை முடிஞ்சா திரும்ப டூட்டி உண்டு. எங்க டிப்போ மாதிரியே!"

அந்தக் கலவரத்திலும் சிஸ்டரின் உதடு லேசாக அசைந்தது. கண்டக்டர் அதற்காகத்தான் சொன்னார். பயந்திருப்பவரைச் சிரிக்கவைப்பது, பசித்தவருக்கு ஒரு கவளம் கொடுப்பதைப் போல என்பது அவர் கட்சி.

சன்னல் பக்கத்து மேஜைக்கு மேலே ஒரு வரி சட்டம் போட்டு மாட்டியிருந்தது. *பயந்தவனுக்கு முதலில் விளக்கைக் கொடு. தீர்ப்பை விடிந்த பின் சொல்.*

"யார் சொன்னது?" என்று கேட்டார் டீச்சர்.

"யாரோ ஒரு பழைய துறவி. முப்பது வருஷத்துக்கு முன்னாடி லத்தீன் ஃபாதர் தன்னோட ஆய்வுல இதைக் கொண்டுவந்தார். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்த வரிதான். ஆனா..." சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "போன மாசம் ஒரு பேராசிரியர், இதோட மூலம் எந்தப் புத்தகம்னு கேட்டு எழுதியிருக்கார். தேடிப் பார்த்தோம். கிடைக்கல. இவரே கட்டிவிட்ட வரின்னு ஒரு பேச்சு கிளம்பியிருக்கு."

"யார்கிட்ட என்ன பேசிட்டிருக்கீங்க சிஸ்டர்?"

கதவருகே லத்தீன் ஃபாதர் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து வயது, நெடிய உருவம். தூங்காத கண்கள். உட்காரச் சொன்னபோது அவர் உட்காரவில்லை.

"நேத்து மத்தியானம் வரைக்கும் பெரிய ஃபாதர் இங்கதான் உக்காந்து எழுதிட்டிருந்தார். நானே பார்த்தேன். போலீஸ்லயும் சொல்லிட்டேன்."

"என்ன எழுதினார்னு பார்க்கலாமா?"

அவர் தயங்கினார். பிறகு தன் மேஜை இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார். டீச்சர் அதை வாங்கும்போது அவர் விரல்கள் பட்டன. ஐஸ் போல இருந்தன.

அட்டையின் மூலையில் 'ஞாயிறு' என்று இருந்தது. நடுவில் சொல்: சிந்தெரேசிஸ். கீழே சிறிய, திருத்தமான எழுத்தில்: 'மனசாட்சியின் பொறி. விவிலியத்தை லத்தீனில் தந்த எரோணிமுஸ், காயீனின் நெஞ்சில்கூட அது அணையவில்லை என்கிறார். அது அறிவைச் சேர்ந்ததா, விருப்பத்தைச் சேர்ந்ததா என்று பின்வந்த அறிஞர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதிட்டார்கள். அணையாது என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.' அதற்கும் கீழே, சுவரில் மாட்டியிருந்த அதே வரி. அதன் எதிரில் 'அலமாரி எண்' என்று எழுதி, இடம் காலியாக விட்டிருந்தது.

"காயீன்னா தம்பியைக் கொன்னவன்தானே?" என்றார் கண்டக்டர். "அவனுக்குள்ளயே விளக்கு எரியுதுன்னா, நம்ம செக்கிங் இன்ஸ்பெக்டருக்கும் சான்ஸ் இருக்கு."

லத்தீன் ஃபாதர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அவர் பார்வை சுவர்க் கடிகாரத்தில் இருந்தது. பத்து இருபத்தைந்து.

"மருந்துக்காரங்க நாளைக்குத்தானே வர்றதா இருந்துச்சு?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"இன்னைக்கே வந்துட்டாங்க ஃபாதர்" என்றார் சிஸ்டர்.

"நான் கோயிலுக்குப் போறேன்." அவர் திரும்பி நடந்தார். நடையில் அவர் தோள் சுவரில் இடித்தது. அதுகூட அவருக்குத் தெரியவில்லை.

அந்த முகத்தை டீச்சர் முன்பே பார்த்திருக்கிறார். வகுப்பில் ஒரு பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தைக் கிணற்றில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் முகம் அது. கெட்ட முகம் இல்லை. திரும்பிப் போக வழி தெரியாத முகம்.

"சிஸ்டர், பெரிய ஃபாதர் ஞாயித்துக்கிழமை வேலை செய்வாரா?"

"ஐயோ, பேனாவையே தொடமாட்டார். கர்த்தர் ஓய்வெடுத்த நாள்ல எனக்கு என்ன பெரிய அவசரம்பார்."

"அப்போ இது?" டீச்சர் அட்டையை உயர்த்தினார்.

சிஸ்டர் அதை இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தார். "அட்டையா? லத்தீன் ஃபாதர் எங்கிட்ட அட்டைன்னே சொல்லலையே. மத்தியானம் பார்த்தேன்னு மட்டும்தான் சொன்னார்." ஓடிப்போய்க் கடைசி இழுப்பறையை இழுத்தார். உள்ளே நூற்றுக்கணக்கான அட்டைகள். எல்லாவற்றின் மூலையிலும் 'ஞாயிறு'. வாரத்துக்கு ஒன்றே ஒன்று. "இது அவரோட ஞாயிறு அட்டை. வாரத்துக்கு ஒண்ணு எழுதுவார். இது வேலை இல்ல, காணிக்கைம்பார். ஆனா எழுதறது ஞாயித்துக்கிழமை இல்ல..."

"நைட் சர்வீஸ்!" என்று கத்தினார் கண்டக்டர். "டீச்சர், ராத்திரி பன்னெண்டு தாண்டிக் கொடுத்தாலும் அந்த டிக்கெட் முந்தின நாள் டிரிப் ஷீட்லதான் ஏறும். எங்களுக்கு நாள் முடியறது வண்டி ஷெட்டுக்கு வரும்போதுதான். இவங்களுக்கும் அப்படி ஏதோ தனிக் கணக்கு இருக்கு!"

"இருக்கு" என்றார் சிஸ்டர். "திருச்சபையில ஞாயிறு, சனிக்கிழமை சாயங்காலமே தொடங்கிடும். ஆறரை மணி ஜெபம் முடிஞ்சதும் எங்களுக்கு ஞாயிறுதான். ஜெபம் முடிஞ்சு நேரா இங்க வந்து ஒரே ஓர் அட்டை எழுதிட்டுப் பேனாவை மூடிடுவார். இருபது வருஷப் பழக்கம். லத்தீன் ஃபாதருக்கு இது நல்லாவே தெரியும்!"

"அப்போ இந்த அட்டை எழுதினது சனிக்கிழமை ஏழு மணிக்கு." டீச்சரின் குரல் மெதுவாக வந்தது. "அலமாரி எண் காலியா இருக்கே, அது ஏன்?"

"புத்தகத்தைக் கண்ணால பார்க்காம எண் போடமாட்டார். காலியா விட்டுட்டுத் தூங்கவும் மாட்டார். கீழ நிலவறைக்குள்ள தனியா ஒரு உள்ளறை இருக்கு, அரிய புத்தகமெல்லாம் அதுலதான். கண்டிப்பா அங்கதான் இறங்கிப் போயிருப்பார்."

"ஏழு மணிக்கு இறங்கினார். ஏழரைக்குச் சாவி வாட்ச்மேன் கைக்கு வந்துடுச்சு."

கேட்டுக்குத் திரும்பியிருந்த வாட்ச்மேனை டீச்சர் சன்னல் வழியே கூப்பிட்டார். "வாட்ச்மேன்! சனிக்கிழமை சாவியை உங்ககிட்ட யார் கொடுத்தது?"

"லத்தீன் ஃபாதர்தாம்மா!"

பிறகு கண்டக்டர், விளையாட்டெல்லாம் வடிந்த குரலில் கேட்டார்.

"சிஸ்டர்... சிவப்புப் பட்டு நாடா. இவ்வளவு அகலம். இந்த வீட்டுல எதுல இருக்கும்?"

"பெரிய ஃபாதர் ஜெபப் புத்தகத்துல. பக்கத்துக்கு அடையாளம் வைக்கிற நாடா. ஏன்?"

"அதைப் பூனை கழுத்துல பார்த்தேன். பட்டம்னு சிரிச்சேன். அந்த மனுஷன் உதவி கேட்டு அனுப்பியிருக்கார், நான் சிரிச்சேன்!"

சுவர்க் கடிகாரம் பத்து நாற்பத்தைந்து காட்டியது. பலகையில் போட்டிருந்தது பத்தரை. பதினைந்து நிமிடம் போய்விட்டது.

மூவரும் படிகளில் ஓடினார்கள். டீச்சருக்கு முழங்கால் வலி உண்டு. அன்று அது நினைவுக்கே வரவில்லை. 'இறைவா, பிந்திவிட்டோம், பிந்திவிட்டோம்' என்று மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நடையின் கோடியில் யாரோ கூச்சலிடும் சத்தம். பின்பக்கத்துப் பட்டறை வாளின் ஓலத்தில் வார்த்தைகள் புரியவில்லை.

படிக்கட்டின் கீழே கண்ட காட்சியில் மூவரும் நின்றுவிட்டார்கள்.

லத்தீன் ஃபாதர் முழங்காலிட்டு, நிலவறைக் கதவில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் கிழித்துக்கொண்டிருந்தார். விரல்களில் ரத்தம். மருந்துக்காரர் ஒருவர் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், உங்களுக்குப் பைத்தியமா? விடுங்க!"

"உள்ள... உள்ள ஆள்..." என்றபடி அவர் மறுபடி டேப்புக்குக் கை நீட்டினார்.

மருந்துக்காரரின் கை தளர்ந்தது. "ஆளா? நான் கதவைத் திறந்து டார்ச் அடிச்சுப் பார்த்தேனே. கூப்பிட்டும் பார்த்தேன். உள்ளறை மட்டும் பூட்டியிருந்துச்சு."

"உள்ளறை. உள்ளறைல" என்றார் டீச்சர். "வாயு திறந்தாச்சா? சொல்லுங்க, திறந்தாச்சா?"

மருந்துக்காரர் முகமூடியைக் கழற்றினார். இளைத்த, சாதாரண முகம். "இல்லம்மா. பத்தரைக்கே திறந்திருக்கணும். அந்தப் பூனையாலதான் திறக்கல. உள்ளறை மேல் ஜன்னல் வழியாத் திரும்பத் திரும்ப உள்ள போகுது. மூணு தடவை விரட்டிட்டேன். வாயில்லா ஜீவன், அது வெளிய வரட்டும்னு அந்த ஜன்னலை மட்டும் அடைக்காம வெச்சிருக்கேன். முதலாளி ஃபோன்ல திட்டிட்டுதான் இருக்கார்."

கண்டக்டர் அந்த முன்பின் தெரியாத மனிதரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

வாட்ச்மேன் சாவிக்கொத்தோடு வந்தார். வெளிக்கதவு திறந்தது. புத்தக வரிசைகளுக்கு நடுவே இருட்டில் ஓடி, உள்ளறைக் கதவைத் திறந்தார்கள்.

பெரிய ஃபாதர் அலமாரியில் சாய்ந்து தரையில் கிடந்தார். உதடுகள் வெடித்திருந்தன. மடியில் பூனை. சுற்றிலும் மிட்டாய்க் காகிதங்கள். மறைக்கல்விக்கு வரும் குழந்தைகளுக்காகச் சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் வைத்திருப்பார். கொடுக்க வைத்திருந்தது இரண்டு இரவும் ஒரு பகலும் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது.

சிஸ்டர் நாடியைப் பார்த்தார். "இருக்கு. இருக்கு!" என்று அழுதார். வாட்ச்மேன் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய மேலே ஓடினார். மருந்துக்காரர் தன் பாட்டிலிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். இரண்டு வாய் இறங்கியதும் கிழவரின் கண்கள் திறந்தன. சுற்றியிருந்த முகங்களைத் தாண்டி, கதவுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்ற நெடிய உருவத்தில் போய் நின்றன.

"தம்பி" என்றார். "கிடைச்சிடுச்சு."

பக்கத்தில் கிடந்த தோல் அட்டைப் புத்தகத்தை அவர் கை தடவியது. டீச்சர் அதை எடுத்தார். நாடா பூனையின் கழுத்துக்குப் போய்விட்டதால், ஒரு மிட்டாய்க் காகிதம் பக்க அடையாளமாக இருந்தது. சிஸ்டர் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் மங்கிய மையில் இருந்த லத்தீன் வரியை வாய்விட்டுத் தமிழில் சொன்னார்.

"பயந்தவனுக்கு முதலில் விளக்கைக் கொடு..."

"ஓரத்துல யாரோ எழுதி வெச்சிருக்காங்க" என்றார் பெரிய ஃபாதர். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "அதான் எந்தப் பட்டியல்லயும் சிக்கல. நீ கட்டிவிட்டதில்ல தம்பி. சின்ன வயசுல பார்த்திருக்கே, எங்கன்னு மறந்துட்டே. அவ்வளவுதான். உன் பேரைக் காப்பாத்தணும்னுதான் இறங்கினேன்."

லத்தீன் ஃபாதர் சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தார்.

"இன்னைக்கு அந்த வரியை முடிச்சிடறேன்னு சொன்னீங்க" என்றார், சிறு பிள்ளையின் குரலில். "என்னை முடிச்சிடப் போறீங்கன்னு நினைச்சேன். ஒரு மணி நேரம் பூட்டி வெச்சா வேற வழி யோசிக்கலாம்னு... அப்புறம் வாட்ச்மேன் சாவியைக் கேட்டார், கொடுத்துட்டேன். திரும்பக் கேட்டா ஏன்னு கேப்பாரே. ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பூட்டு பெருசாகிட்டே போச்சு. நாளைக்குத்தானே மருந்து, அதுக்குள்ள திறந்துடலாம், திறந்துடலாம்னே..."

டீச்சரின் நாக்கு நுனியில் பத்துக் கேள்விகள் நின்றன. முப்பது வருடம் வகுப்பில் கேட்ட கேள்விகளைவிடக் கூர்மையானவை. அவர் வாயைத் திறந்தபோது, கிழவரின் கை உயர்ந்து அவரைத் தடுத்தது.

பெரிய ஃபாதர் டம்ளரைப் பார்த்தார். அதில் பாதித் தண்ணீர் மீதி இருந்தது. அதைக் கதவுப் பக்கம் நகர்த்தினார்.

"முதல்ல அவனுக்குக் கொடுங்கம்மா. பாருங்க, எப்படி நடுங்குறான்."

கண்டக்டர்தான் டம்ளரை எடுத்துப்போய்க் கொடுத்தார். லத்தீன் ஃபாதர் அதை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். ரத்தம் பட்டு டம்ளரில் விரல் தடங்கள் பதிந்தன. அவர் அழுதுமுடிக்கும்வரை கண்டக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மேலே ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

ஸ்ட்ரெச்சர் போன பிறகு லத்தீன் ஃபாதர் எழுந்தார். டீச்சரிடம் வந்து கையை நீட்டினார்.

"உங்க ஃபோனைக் கொஞ்சம் கொடுங்கம்மா. காலைல போலீஸ்ல பொய் சொல்லிட்டேன். நான் ஏற்கெனவே ரொம்ப லேட்."